அலாஸ்காவா நோர்வேயா: வன்னியிலிருந்து வட கடலுக்குக் குடும்பமாகப் போவதென்றால்

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வன்னி வீடுகளில் இப்போது புதிதாக ஒரு கதை அடிபடுகிறது. அம்மா, அப்பாவைக் கூப்பிட்டு ஆறு மாதம் நாலு சுவருக்குள் வைத்திருந்து அனுப்புவதை விட, எல்லாரும் ஓரிடத்தில் சேர்ந்து ஒரு கிழமை கப்பலில் போவோம் என்ற கதை. பெரும்பாலும் வடக்குக் கடலைத்தான் சொல்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை ஜூலை, ஓகஸ்ட்டில் வருகிறது. அந்த நேரம் மத்தியதரைக் கடல் பக்கம் வெயில் கொளுத்தும். கிளிநொச்சியில் இருந்து போகிறவர் வெயில் பார்க்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை, அது இங்கே இலவசம்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அக்கா ரொறன்ரோவில், அண்ணா லண்டனில், சித்தப்பா ஒஸ்லோவில், அம்மாவும் ஐயாவும் நானும் இங்கே. அக்கா அலாஸ்கா என்றார். அண்ணா சௌதம்டனில் ஏறி நோர்வேப் பியோர்ட்டுகளுக்கு, அதாவது மலைகளுக்கு நடுவே நீண்டு உள்ளே போகும் ஒடுங்கிய கடற்கால்களுக்கு, என்றார். சித்தப்பா நோர்வேயின் பேர்கனில் இருந்து வடக்கே போகும் கடலோரக் கப்பலை விட்டு இறங்கவே இல்லை. பத்திரங்களைத் திரட்டி, விண்ணப்பம் நிரப்பி, கொழும்புக்கு அலைய வேண்டியவள் நான் என்பதால் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. பார்த்ததில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கடல் வடிவு என்பதைக் கடைசியாகக் கேட்டால் போதும். யாரிடம் எந்தக் கடவுச்சீட்டு இருக்கிறது, வயதானவர்களால் எவ்வளவு நடக்க முடியும் என்பதை முதலில் பார்த்தால் பாதித் தெரிவு தானாகவே முடிந்துவிடும்.

விசா எத்தனை?

அலாஸ்காக் கப்பல்கள் அநேகமாக மே மாதம் தொடங்கி செப்ரெம்பர் கடைசி வரை ஓடும். பெரும்பாலும் ஏழு இரவுப் பயணம். அமெரிக்காவின் சியாற்றிலில் ஏறலாம், கனடாவின் வன்கூவரிலும் ஏறலாம். எங்கே ஏறினாலும் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு இரண்டு நாட்டு விசாவும் வேண்டும். வன்கூவரில் ஏறினால் காரணம் விளங்கும், அலாஸ்கா அமெரிக்க மாநிலம். ஆனால் சியாற்றிலில் ஏறி சியாற்றிலிலேயே இறங்குகிறவருக்குக் கனடா விசா எதற்கு? 1886 ஆம் ஆண்டு அமெரிக்கா போட்ட ஒரு சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டில் பதிந்த கப்பல், இடையில் ஒரு வெளிநாட்டுத் துறையைத் தொடாமல் அமெரிக்கத் துறைகளை மட்டும் சுற்றி ஆட்களை ஏற்றி இறக்க முடியாது. பெரிய உல்லாசக் கப்பல்கள் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பெர்முடா, பனாமா போன்ற நாடுகளில் பதிந்தவை. ஆகவே பயணத்தின் கடைசிப் பக்கம் ஒரு பின்னேரம் கனடாவின் விக்ரோறியாவில் சில மணிநேரம் கட்டிவிட்டுப் போவார்கள். அந்தச் சில மணிநேரத்துக்காக அம்மாவுக்கும் ஐயாவுக்கும் கனடா விசா.

அக்காவுக்கு இது கடைசி வரைக்கும் பிடிபடவில்லை. "கப்பலை விட்டு இறங்காட்டிச் சரிதானே?" என்று கேட்டபடியே இருந்தார். இறங்காவிட்டாலும் வேண்டும், ஏறும்போதே பத்திரங்களைப் பார்ப்பார்கள், ஒன்று குறைந்தால் ஏற்றமாட்டார்கள். கனடாக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு விசா என்ற நினைப்பே வருவதில்லை, அதில் பிழை சொல்லவும் முடியாது. ஆனால் கனடாவில் நிரந்தர வதிவிடம் மட்டும் பெற்று இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டில் பயணம் செய்யும் உறவுகளுக்கும் அமெரிக்க விசா தேவை என்பதை மறக்கக் கூடாது. கனடா வருகை விசாவுக்கு ஆளுக்கு 100 கனடிய டொலரும், கைரேகை, படத்துக்கு 85 டொலரும் கட்ட வேண்டும். அமெரிக்காவுக்கு வேறாகக் கட்டணம், கொழும்பில் நேர்முகம். 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் குலுங்கிப் போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆளிடம் "கப்பலில் பனிக்கட்டி பார்க்கப் போகிறோம்" என்று எழுபது வயதில் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரக்கூடிய ஷெங்கன் வலயத்துக்குள் நோர்வே இருக்கிறது. ஒரே விசா, பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நோர்வே தன் கொழும்புத் தூதரகத்தை 2023 இல் மூடிவிட்டது. விண்ணப்பத்தை இங்கே விசா விண்ணப்ப நிலையத்தில் கொடுத்தாலும் முடிவு வெளிநாட்டில்தான் எடுக்கப்படும். அதனால் கடைசி மாதம் வரை இழுக்காமல் நேரத்தோடு கொடுப்பதே புத்தி.

இந்த இடத்தில்தான் அண்ணாவின் திட்டம் இடறியது. சௌதம்டனில் ஏறி சௌதம்டனில் இறங்குவதென்றால் பிரித்தானிய விசாவும் வேண்டும், ஷெங்கன் விசாவும் வேண்டும். மறுபடியும் இரண்டு. அதே பியோர்ட்டுகளுக்கு ஜேர்மனியின் ஹம்பேர்க், கீல், டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் ஆகிய துறைகளில் இருந்தும் கப்பல் போகிறது. அங்கே ஏறினால் ஒரு விசா. பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரரான அண்ணா குடும்பத்துக்கு ஹம்பேர்க் பறப்பது பெரிய வேலையே இல்லை. எங்களுக்காக அவர்கள் ஒரு விமானம் ஏறலாம்; அவர்களுக்காக நாங்கள் இன்னொரு விசா எடுப்பதை விட அது எவ்வளவோ இலகு.

வன்னிக்காரருக்கு இதில் தனியாக ஒரு சிக்கலும் உண்டு. ஊருக்குத் திரும்பி வருவோம் என்பதற்குச் சான்றாகக் காணி, வயல், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் காணி உறுதிப்பத்திரம் காட்டுவார்கள். எங்கள் பக்கம் பலருடைய வயலும் குடியிருப்புக் காணியும் அரச அனுமதிப்பத்திரக் காணி. அதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைக்கலாம். கமநல சேவை நிலையத்தின் பதிவு, கிராம அலுவலரின் சான்றிதழ், ஓய்வூதியச் சீட்டு என்று கூடச் சேர்த்துக் கொடுத்தால் கோப்பு கனக்கும். பிள்ளைகளின் அழைப்புக் கடிதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

எப்போது?

அம்மா வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடியாமல் வீட்டுப் படி தாண்டமாட்டார். அது வைகாசியில். ஐயாவுக்கு இரணைமடுத் தண்ணீரில் சிறுபோகம். ஓகஸ்ட்டில் அறுவடை, அதற்குமுன் வந்து நிற்க வேண்டும். லண்டன் பள்ளிகள் ஜூலை மூன்றாம், நான்காம் கிழமைகளில்தான் மூடும். ரொறன்ரோ ஜூன் கடைசியில் மூடும், ஒஸ்லோ அதற்கும் முன்னே. ஆக, எங்களுக்குக் கிடைத்தது ஜூலைக் கடைசிக் கிழமை மட்டுமே.

அலாஸ்காவுக்கு அந்தக் கிழமை அருமையான நேரம். ஹவாய்ப் பக்கம் மாரியைக் கழித்துவிட்டு வரும் கூனல் திமிங்கிலங்கள் அங்கே மேய்ந்துகொண்டிருக்கும். கெச்சிக்கன் ஊரின் நடுவே ஓடும் ஓடையில் சமன் மீன் எதிர்நீச்சல் போட்டு ஏறத் தொடங்கும். நோர்வேயின் வடக்கு முனையில் நள்ளிரவுச் சூரியன், அதாவது இரவிலும் மறையாத சூரியன், ஏறத்தாழ மே 14 இல் இருந்து ஜூலை 29 வரை. ட்ரொம்சோவில் ஜூலை 22ஐ ஒட்டியே முடிந்துவிடும். எங்கள் கிழமை அந்த விளிம்பில் விழுகிறது. நள்ளிரவுச் சூரியனைப் பார்க்க மட்டுமே போகிறவர் ஜூனில் போக வேண்டும். லண்டன் பிள்ளைகள் இருந்தால் அது நடவாது. சூரியன் கடலைத் தொட்டு மறைந்தாலும் இருட்டாகாது என்பதால் எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. தூக்கம்தான் பிரச்சினை. பத்து மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழும்பிப் பழகியவர்களுக்கு யன்னல் இல்லாத உள்ளறைதான் வசதி, மலிவும் கூட. இருட்டு வேண்டுமென்று காசு மிச்சம் பிடிக்கக் கிடைக்கும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

எவ்வளவு குளிர்?

"உந்தக் குளிருக்குள்ள என்னத்தைப் பாக்கப் போறம்?" என்பது அம்மாவின் முதல் கேள்வி. நுவரெலியாவை வைத்துச் சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். ஜூலையில் அலாஸ்காவின் ஜூனோவில் பகல் வெப்பம் 17, 18 பாகை செல்சியஸ். கெய்ராங்கர் போன்ற தெற்குப் பியோர்ட்டுகளிலும் அதே அளவு, நல்ல நாளில் 20ஐத் தாண்டும். அதாவது நுவரெலியாப் பகல். நோர்வேயின் வடக்கு நுனியில் உள்ள ஹொனிங்ஸ்வோக்கில் 10 இல் இருந்து 13. அது நுவரெலியா இரவு. வட அத்திலாந்திக்கில் ஓடும் சூடான நீரோட்டம் நோர்வேக் கரையை அணைத்துக்கொண்டு போவதால்தான், அவ்வளவு வடக்கில் இருந்தும் அந்தத் துறைகள் மாரியிலும் உறைவதில்லை.

ஆனால் கப்பல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 20 நொட் என்றால் மணிக்கு 37 கிலோமீற்றர் வேகம். காற்றே இல்லாத நாளிலும் மேல்தளத்தில் அந்தக் காற்று முகத்தில் அடிக்கும். மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பனிக்கட்டித் திரளான பனியாற்றுக்கு முன்னே போனால் ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்ததுபோல் ஒரு குளிர் தனியாக இறங்கும். மழை வேறு. கெச்சிக்கனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது, பேர்கனில் 2,200க்கு மேல். கிளிநொச்சியில் ஏறத்தாழ 1,250 பெய்யும், அதுவும் முக்கால்வாசி மாரிகாலத்தில். ஆகவே தடித்த கம்பளிக் கோட்டை விட நனையாத மழைச்சட்டைதான் முதலில் வேண்டும். அதற்குள் மெல்லிய கம்பளி, அதற்கும் உள்ளே உடம்போடு ஒட்டிய உள்ளுடுப்பு. அம்மாவின் சேலைக்கு உள்ளே ஒட்டிய கம்பளிக் காற்சட்டை போட்டு, மேலே ஜக்கெட்டை இழுத்துப் பூட்டினால் போதும். முந்தானையை ஜக்கெட்டுக்குள் விட்டு ஊசி குத்தாவிட்டால் மேல்தளத்தில் அது பறந்து யாருடைய முகத்திலாவது சுற்றும். செருப்போடு போக முடியாது. ஐயா சப்பாத்துப் போட்டது கடைசியாக எப்போதென்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை; இரண்டு மாதம் முந்தியே வாங்கி, சந்தைக்குப் போட்டுப் போகச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் கிளிநொச்சியில் தேடி அலையாதீர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் மாரி முடிந்து மலிவு விற்பனை வரும் நேரம் வாங்கிக் கொண்டுவரட்டும்.

எது பார்க்க நல்லது, எது நடக்க நல்லது

பனிக்கட்டி பார்க்க ஆசை என்றால் அலாஸ்காதான், அதில் பேச்சே இல்லை. நோர்வேப் பெருநிலத்தில் பனியாறுகள் மலை மேலே தொங்கும், கடலுக்குள் இறங்குவதில்லை. அலாஸ்காவின் கிளேசியர் பே தேசியப் பூங்காவில் மார்ஜரி பனியாறு நேரே கடலில் வந்து நிற்கிறது: ஒரு மைல் அகலம், நீருக்கு மேல் சுமார் 250 அடி உயரம். 1794 இல் வன்கூவர் என்ற கப்பற்தலைவரின் ஆட்கள் அந்தக் குடாவுக்கு வந்தபோது வாசலிலேயே பனி மறித்து நின்றது. இன்றைக்கு அதே குடாவுக்குள் கப்பல் ஏறத்தாழ 65 மைல் உள்ளே போகலாம். நாளுக்கு இரண்டு உல்லாசக் கப்பலுக்கு மேல் விடமாட்டார்கள், எல்லா அலாஸ்காக் கப்பலுக்கும் அந்த அனுமதி கிடைப்பதும் இல்லை. பதிவு செய்யும்போது பயணவழியில் கிளேசியர் பே என்ற பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முழங்கால் வருத்தக்காரருக்கும் இதைவிடத் தோதான இடம் இல்லை. அங்கே கரையில் இறங்குவதே கிடையாது. கப்பல் பனியாற்றுக்கு முன்னே ஒரு மணிநேரமளவில் நின்று, மெல்லச் சுற்றி இரண்டு பக்கத்தையும் காட்டும். பல்கனி அறை எடுத்தால் கதிரையில் இருந்தபடி தேத்தண்ணியோடு பார்க்கலாம். அலாஸ்காவுக்கு உள்ளறை எடுப்பது காசு மிச்சப்படுத்தியும் வீண் என்பது என் எண்ணம்.

ஒன்றைப் பயண முகவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள், நாங்களாகத்தான் யோசிக்க வேண்டும். சத்தம். பனியாற்று முகப்பில் இருந்து வீடளவு துண்டு உடைந்து விழும்போது முதலில் கண்ணுக்குத் தெரியும், சில வினாடி கழித்துத்தான் சத்தம் வந்து சேரும். அக்கா முன்பு அத்தான் வீட்டாரோடு போனபோது எடுத்த காணொளியை அம்மாவுக்குக் காட்டினேன். முதல் வெடிப்பிலேயே "உது ஷெல் சத்தம்" என்று போனைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். 2009 இல் போரின் கடைசியில் புதுமாத்தளன் வரை போய் மீண்டவர்களுக்குக் கப்பல் என்றாலே காயக்காரரை ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுபோன செஞ்சிலுவைக் கப்பல்தான் நினைவில் இருக்கும். உல்லாசக் கப்பலில் ஏறியவுடன் எல்லாரையும் கூட்டி அபாய ஒத்திகை வேறு வைப்பார்கள்: ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல், உயிர்காப்புச் சட்டை, ஒன்றுகூடும் இடம். இது எந்தக் கப்பலிலும் தவிர்க்க முடியாதது. முன்கூட்டியே சொல்லி, ஊதும் நேரம் யாராவது ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும். ஆனால் பனி வெடிக்கும் சத்தத்தை ஒரு முழு நாள் கேட்டு ரசிப்பது வேறு. அதை ரசிக்க முடிந்தவர்கள் எங்கள் ஊரிலும் நிறையப் பேர் உண்டு, அம்மாவால் முடியாது.

நோர்வேப் பியோர்ட்டுகளில் அந்தச் சத்தம் இல்லை, அருவிச் சத்தம்தான். கெய்ராங்கர் பியோர்ட் 15 கிலோமீற்றர் நீளம், 2005 இல் இருந்து உலகப் பாரம்பரியச் சொத்து. இரண்டு பக்கமும் செங்குத்து மலை, ஏழு சகோதரிகள் என்ற அருவி. ஃப்ளோம் என்ற துறையில் இறங்கினால் 20 கிலோமீற்றர் தூரத்துக்குள் 866 மீற்றர் ஏறும் ரயில் உண்டு. ஏறி இருந்தால் சரி, நடை இல்லை. ரயில் சீட்டை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்; கப்பல் வந்து நிற்கும் நாளில் ஊரே வரிசையில் நிற்கும். சில துறைகளில் கப்பல் நடுவிலே நங்கூரம் போட்டுச் சிறு படகில் ஆட்களை இறக்கும். சக்கர நாற்காலிக்காரருக்கு அது கரைச்சல். எந்தத் துறையில் கரையோடு கட்டும், எதில் படகு என்று பதிவு செய்ய முன்பே கேட்டு வைப்பது நல்லது.

கடல் ஆட்டம் பற்றி: நெடுந்தீவுப் படகில் தலைசுற்றியவர்கள் அதை வைத்துப் பெரிய கப்பலைக் கணக்குப் பண்ண வேண்டாம். வன்கூவரில் இருந்து போகும் அலாஸ்கா வழி பெரும்பாலும் தீவுகளின் மறைவில் போகும். சியாற்றிலில் இருந்து போகும் கப்பல்கள் வன்கூவர் தீவுக்கு வெளியே திறந்த பசிபிக்கில் போவதுண்டு. சௌதம்டன் கப்பலுக்குப் போக வர வட கடலைக் கடக்க வேண்டும். பயம் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்து அறை எடுங்கள், குளுசையை ஆட்டம் தொடங்க முன்பே போடுங்கள்.

சித்தப்பாவின் கப்பல்

பேர்கனில் இருந்து ரஷ்ய எல்லையருகே உள்ள கிர்க்கெனஸ் வரை ஓடும் கடலோர வழி இது, 1893 இல் தொடங்கியது. போக வர 12 நாள், 34 துறைகள். முன்பு ஹூர்ட்டிகுருத்தன் மட்டும் ஓட்டியது. 2021 இல் இருந்து ஹவிலா என்ற நிறுவனமும் சேர்ந்து ஓட்டுகிறது. இது உல்லாசக் கப்பல் என்று நினைத்து ஏறினால் ஏமாற்றம்தான். சரக்கு ஏற்றும், பக்கத்து ஊருக்குப் போகும் ஆட்களையும் ஏற்றும். சில துறையில் கால் மணிநேரம், சிலதில் மூன்று மணிநேரம். சறுக்கு நீச்சல்குளமும் கிடையாது, இரவு நடனமும் கிடையாது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கூடமும் கிடையாது. நோர்வேக் கரையோரம் ஓடும் இந்தக் கப்பல்களில் மருத்துவரும் இல்லை; அடுத்த துறை எப்போதும் கிட்டத்தில் இருப்பதால் அங்கே இறக்குவார்கள். சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். பெரிய கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் பார்ப்பதற்கு நல்ல காசு கறப்பார்கள். எதில் போனாலும் மருந்தைக் கைப்பையில் வைத்திருங்கள்.

இத்தனைக்கும் பிறகு நான் ஏன் இந்தக் கப்பல் பக்கம் சாய்கிறேன் என்றால், அது போகும் ஊர்கள்தான் காரணம். எண்பதுகளின் கடைசியில் இருந்து ஈழத்தமிழர் பலர் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் ஆலைகளில் வேலை செய்தார்கள். சித்தப்பாவும் போட்ஸ்பியோர்ட் என்ற ஊரில் இருந்தவர். கீழிருந்து வெளிச்சம் வரும் மேசையில் கொட் மீன் துண்டைப் பரப்பி, முள்ளும் புழுவும் பார்த்து எடுக்கும் வேலை. நாள் முழுக்க ஐஸ் தண்ணீர். இன்றைக்கும் ஒஸ்லோவில் குளிர் தொடங்கினால் அவருடைய விரல் நுனி வெளுத்துவிடும். அந்தக் காசில்தான் எங்கள் பரந்தன் காணிக்கு வேலி போட்டது, ஐயாவின் முதல் உழவு இயந்திரத்துக்கு முற்பணம் கட்டியது. ஐயா அந்த ஊரின் பெயரைக் கடித உறையில் மட்டுமே பார்த்திருக்கிறார். கப்பல் அங்கே அரை மணிநேரமளவில்தான் நிற்கும். ஆனால் ஜூலைக் கடைசியில் எந்தச் சாமத்தில் போய்க் கட்டினாலும் ஆலையின் கூரை தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். ஹொனிங்ஸ்வோக்கில் மூன்று மணிநேரத்துக்கு மேல் நிற்பதால், பஸ்ஸில் 34 கிலோமீற்றர் போய் 307 மீற்றர் உயரமான வட முனைப் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம்.

அம்மாவுக்கு ஒரு கொசுறு: லொஃபோட்டன் தீவுகளில் மரச்சட்டம் போட்டு ஊர் முழுக்கக் கருவாடு காய வைக்கிறார்கள். பெப்ரவரி தொடங்கித் தொங்கவிட்டு ஜூனுக்குள் இறக்கிவிடுவார்கள் என்பதால் ஜூலையில் சட்டங்கள் வெறுமையாகத்தான் இருக்கும். கடையில் வாங்கலாம். உப்பே போடாமல் காய்கிறது என்றால் முல்லைத்தீவில் யாரும் நம்பமாட்டார்கள்.

சாப்பாடும் சாமியும்

"கப்பல்ல சோறு தருவாங்களோ?" தருவார்கள். பெரிய கப்பலில் இந்தியச் சமையற்காரர் இல்லாமல் இருப்பது அரிது. சோறும் பருப்பும் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். பதிவு செய்யும்போதே மரக்கறிச் சாப்பாடு என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கடலோரக் கப்பலில் மீனும் உருளைக்கிழங்கும் பாணும்தான் அடிப்படை. வெள்ளிக்கிழமை விரதக்காரர் முன்கூட்டியே சொல்லாவிட்டால் சலாட்டோடு முடியும். வீட்டில் சமைத்ததைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள், உறை உடைக்காத பொட்டலம் பெரும்பாலும் விடுவார்கள். தட்டை வடைப் பைக்கற்று இரண்டு போதும். சோற்றுக் குக்கர், கேத்தில், இஸ்திரிப் பெட்டி எதுவும் அறைக்குள் கூடாது. விளக்கு, கற்பூரம், ஊதுபத்தியும் கூடாது. நெருப்பு என்றால் கப்பலில் பேச்சுக்கே இடமில்லை. திருநீறும் சாமிப் படமும் கொண்டுபோகலாம்.

காசு

விளம்பரத்தில் போடும் விலை, ஓர் அறையில் இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு எவ்வளவு என்பது. அதே அறையில் மூன்றாவது ஆளுக்குக் குறையும், தனியாக ஒருவர் எடுத்தால் இரட்டிப்பு வரை போகும். அமெரிக்கக் கப்பல்களில் பணியாளர் கொடுப்பனவு என்று நாளுக்கு ஆளுக்கு 15 இல் இருந்து 20 டொலர் வரை தானாகக் கணக்கில் ஏறும், பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் ஏறும். அதன்மேல் இணையம், குளிர்பானம், கரையில் சுற்றுலா. கடலோரக் கப்பலில் அந்தக் கொடுப்பனவு கட்டாயமில்லை, ஆனால் நோர்வேயில் கரையிறங்கி ஒரு கோப்பி குடித்தால் கிளிநொச்சியில் நாலு பேர் மதியச் சோறு சாப்பிடலாம். கைப்பேசியை ஏறியவுடன் விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள், கடல் நடுவில் பிடிக்கும் வலையமைப்பின் கட்டணம் மாதம் முடியத்தான் தெரியும். விமானச் செலவும் ஒன்றல்ல. கட்டுநாயக்காவில் இருந்து வளைகுடா வழியாக ஒஸ்லோ ஒரே மாற்றத்தில் போகலாம். வன்கூவர் என்றால் ஒன்றரை நாள் போய்விடும், வயதானவரின் காலும் வீங்கும்.

மற்றவை பற்றி வேகமாக. ஸ்வால்பார்ட் 78 பாகை வடக்கில் இருக்கிறது, துருவக் கரடி நாடு. ஷெங்கனுக்கு வெளியே என்பதால் நோர்வே வழியாகப் போய் வர இரண்டு நுழைவு விசா வேண்டும். சிறு கப்பல், பெரிய விலை, றப்பர் படகில் ஏறி இறங்க வேண்டும். ஐயாவுக்கு ஆகாது. கிரீன்லாந்துக்கு ஷெங்கன் விசா செல்லாது. ஐஸ்லாந்து ஷெங்கனுக்குள்தான், ஆனால் அங்கே போகும் திறந்த அத்திலாந்திக் ஆட்டம் லேசானதல்ல. போல்டிக் கடல் அமைதியானது. 2022 இல் இருந்து சென் பீற்றர்ஸ்பேர்க்குக்குக் கப்பல்கள் போவதில்லை, மிச்சம் நகரங்கள். நகரம் பார்க்கக் கப்பல் எதற்கு?

எங்கள் முடிவு

அம்மா, அப்பாவிடம் ஏற்கெனவே கனடா விசாவும் அமெரிக்க விசாவும் இருந்தால், வெடிச் சத்தம் அவர்களுக்குப் பொருட்டில்லை என்றால், வன்கூவரில் ஏறி அலாஸ்கா போங்கள். இரண்டாவது யோசனையே வேண்டாம். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தால் ஹம்பேர்க்கிலோ கீலிலோ ஏறும் பெரிய கப்பல். பிள்ளைகள் அலுக்கவில்லை என்றால் பெரியவர்களுக்கும் நிம்மதி.

எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், வயதானவர்களும் இருக்கிறார்கள். கடலோரக் கப்பலில் துறையிலிருந்து துறைக்குச் சீட்டு எடுக்கலாம் என்பது கைகொடுத்தது. எல்லாரும் பேர்கனில் ஏறுவது, அக்காவின் பிள்ளைகளும் அண்ணாவின் பிள்ளைகளும் நாலு இரவோடு ட்ரொம்சோவில் இறங்கி விமானம் பிடிப்பது. ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டும் காலையில் தளத்தில் வைத்து முதுகுக்குள் ஐஸ் தண்ணீர் ஊற்றும் சடங்கு ஒன்று உண்டு. அதைக் காட்டித்தான் மருமகனைச் சம்மதிக்க வைத்தது. அம்மா, ஐயா, சித்தப்பா, சித்தி, நான் தொடர்ந்து கிர்க்கெனஸ் வரை. திரும்பி வருவது விமானத்தில். 12 நாளும் கப்பலில் இருக்கும் பொறுமை ஐயாவுக்கு இல்லை, அறுவடையும் காத்திருக்காது.

ஜனவரியில் விண்ணப்பம் கொடுக்க இருக்கிறோம். கப்பலுக்கு முற்பணம் மட்டும் கட்டியிருக்கிறது, அதுவும் விசா மறுத்தால் திருப்பித் தரும் வகைச் சீட்டு. விலை கொஞ்சம் கூட. அந்தக் கூடுதல் காசைப் பற்றி அண்ணா இன்னும் முணுமுணுக்கிறார். இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர்கள் மலிவுச் சீட்டைப் பார்த்து மயங்கக் கூடாது. விசா கையில் வராமல் முழுக் காசையும் கட்ட வேண்டாம், விமானச் சீட்டையும் உறுதி செய்ய வேண்டாம். கடவுச்சீட்டு பயணம் முடிந்தும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஐயாவின் கடவுச்சீட்டு ஒக்ரோபரில் முடிகிறது, அடுத்த கிழமை வவுனியா போக வேண்டும்.